வீடு முழுவதற்கும் ஒரு குரல்

நடிகரும் வானொலி நகைச்சுவைக் கலைஞருமான கே.எஸ். பாலச்சந்திரனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரே பாராட்டுத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். "குடும்பத்தோடு இருந்து கேட்கக்கூடிய பகிடி. ஒரு கூடாத சொல் வராது." அண்மையில் ஒரு நூல் வெளியீடு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, நாடகத்தை முறையாகப் படித்த ஒருவரும் இதையே சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனால் அது பொழுதுபோக்கு. நாடக வரலாறு எழுத வந்தால் அவருக்கு ஒரு பந்தி போதும்" என்று முடித்தார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டும் பிடிக்கவில்லை, அந்த ஒரு பந்தியும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிடிபட்டது. கூடாத சொல் பேசாமல் இருந்ததுதான் ஒரு கலைஞரின் சிறப்பென்றால், அவர் செய்தது என்ன? ஒன்றைச் செய்யாமல் விட்டதற்காகவா மூன்று தலைமுறை அவரைத் தேடித் தேடிக் கேட்டது? வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பது ஓர் அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு வேலை. அதுவும் மிகக் கடினமான வேலை. இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் ஊர் நாடகத்துக்கு மரியாதை செய்யத் தெரியாதது அல்ல. கலையரசு சொர்ணலிங்கத்தை மறக்கவில்லை. இசைநாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' பற்றி இன்றும் கண் கலங்கிப் பேசுகிற முதியவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் படித்தவர்களின் மேடைக்குக் கொண்டுவந்ததும், 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியதும், 1985இல் குழந்தை சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியதும் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற செய்திகள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொரு மரபு வானொலிப் பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. சானா தந்த 'லண்டன் கந்தையா' என்ற வானொலி நாடகத்துக்காகக் கடைகளுக்கு முன்னால் சனம் நின்று கேட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியில் பெற்ற வரவேற்பினாலேயே 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமானது. அதன் பாத்திரங்களான மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல அறியப்பட்டார்கள். இந்த மரபுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை. மேடை இல்லை, திரை இல்லை, கையேடு இல்லை, ஆகவே ஆய்வும் இல்லை. சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டோம்.

பாலச்சந்திரன் இந்த இரண்டாவது மரபின் ஆள். 1944இல் கரவெட்டியில் பிறந்தவர், வருமானவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். நகைச்சுவை மட்டும் அவருடைய தொழில் அல்ல. மக்கள் வங்கியின் அனுசரணையில் ஒலிபரப்பான சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' நாடகத்தில் சோமுவாக அவர் பேசியதைக் கேட்டு அழுதவர்கள், சில நாள் கழித்து அதே குரலைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' (1978) திரைப்படத்தில் நடித்தார். 'வாத்தியார் வீட்டில்' என்ற நகைச்சுவைத் தொடரை வானொலிக்குத் தந்தார். ஆனால் ஊர் அவரை அடையாளம் கண்டுகொண்டது ஒரு தனிநடிப்பால்தான். 'அண்ணை றைற்.' பஸ்ஸை எடுக்கலாம் என்று கொண்டக்டர் சாரதிக்குக் கொடுக்கிற குரல் அது. ஒரு பஸ், ஒரு கொண்டக்டர், ஏறி இறங்குகிற சனம். மேடையில் நிற்பது ஒரே ஒருவர். இதற்கு மேல் அதை அறிமுகப்படுத்தினால் எங்கள் ஊர் வாசகர்கள் என்னைக் கோபிப்பார்கள்.

சைக்கிளைச் சுற்றிக் கேட்டது

'அண்ணை றைற்' என்னிடம் வந்தது மேடையிலிருந்து அல்ல, கையிலிருந்து கைக்கு மாறி வந்த ஓர் ஒலிநாடாக் கசற்றிலிருந்து. 1995ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து, அதே குடாநாட்டின் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்திருந்தது. எங்கள் வீட்டில் விறாந்தையிலும் மாட்டுக் கொட்டிலிலும் அடுக்களைக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். சொந்தக்காரர்கள் சிலர், சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பலர், அன்றுவரை முகமே தெரியாதவர்கள் இன்னும் சிலர். மின்சாரம் இல்லாமல் ஐந்து வருடம் ஓடிவிட்டது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு. பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இழுத்த வயரில்தான் ரேடியோ பாடும். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்பதற்காக அந்தச் சைக்கிளுக்கு ஒரு முறைவைப்பு இருந்தது. ஆண் பிள்ளைகள் மாறி மாறிச் சுற்ற வேண்டும்.

ஓர் இரவு செய்தி முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. படுக்கப் போனால் நினைவுகள் வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்திருக்க வேண்டும். அப்பா அந்தக் கசற்றை எடுத்துப் போட்டார். அந்த முற்றத்தில் எதைப் போடுவது என்பது சின்ன விடயம் அல்ல. அம்மம்மா இருந்தார். மானிப்பாயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், அவருக்கு முன்னால் நாங்கள் உரத்துப் பேசவே மாட்டோம். மகன் எங்கே என்று தெரியாமல் வந்து சேர்ந்த ஒரு தாய் தூணோடு சாய்ந்திருந்தார். புதிதாகக் கல்யாணம் செய்தவர்கள், கைக்குழந்தைகள், ஊரால் சாதியால் ஒருவரோடொருவர் முன்பு ஒரே பாயில் இருந்திராதவர்கள். சினிமாப் பாட்டுப் போட்டால் யாருக்காவது துக்கம், யாருக்காவது கூச்சம். பக்திப் பாட்டுப் போட்டால் அழுகை தொடங்கிவிடும்.

குரல் தொடங்கியது. முதலில் சிரித்தவர்கள் சிறுவர்கள். பிறகு அம்மம்மா. பிறகு நடந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. சைக்கிளைச் சுற்றிக்கொண்டிருந்த என் மச்சானுக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. கை தளர்ந்ததும் கசற் மெதுவானது, கொண்டக்டரின் குரல் தடித்து, இழுபட்டு, மலையேறும் லொறி போல முனகியது. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு அவன் பதறிப்போய் வேகமாகச் சுற்ற, கொண்டக்டர் சின்னப் பிள்ளைக் குரலில் கடகடவென்று கத்தினார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். அடுத்த நிமிடம் அவர் கசற்றைப் பார்த்து மறுமொழி சொல்லத் தொடங்கினார். "முதலில் இறங்குகிறவர்களை விடும் ஐயா, பிறகு ஏற்றலாம்!" ஒரு பயணியாக, மெய்யாகவே ஒரு பஸ்ஸில் நிற்கிறவராக, கொண்டக்டரோடு வாதாடினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு இன்னொருவர். முற்றம் பஸ்ஸாகிவிட்டது.

அந்த வயதில் எனக்குப் பஸ் என்றால் அதிகம் தெரியாது. எரிபொருள் தடையால் வீதியில் பஸ்ஸைக் காண்பதே அரிது. சனம் பிதுங்கி வழிகிற 750ஆம் இலக்கப் பருத்தித்துறை பஸ்ஸை அப்பாவின் தலைமுறைதான் அனுபவித்திருந்தது. நான் பஸ்ஸுக்குள் முதலில் ஏறியது அந்தக் குரலின் வழியாகத்தான். பெரியவர்கள் இழந்துபோன ஒரு நாளாந்தத்துக்குத் திரும்பப் போனார்கள், நாங்கள் கண்டிராத ஒன்றுக்குள் நுழைந்தோம். மறுநாள் பின்னேரம் தூணோடு இருந்த அந்தத் தாய் அப்பாவிடம் வந்து, "அந்த பஸ்காரனை இன்றைக்கும் போடுவீர்களா?" என்று கேட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது.

அன்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சிரிக்கவில்லை. சிறுவர்கள் வேகத்துக்குச் சிரித்தோம். அம்மம்மா தன்னைப் போன்ற ஆச்சிமாரைக் கண்டு சிரித்தார். தலைமையாசிரியர் ஒழுங்கீனத்தைக் கண்டு சிரித்தார். ஒரே குரலுக்குள் இத்தனை வாசல் வைத்துக் கட்டியிருந்தார் அந்த மனிதர்.

யாருக்கு எந்த மரியாதை

இந்த வித்தையை எனக்கு விளக்கியவர் எந்த நாடக ஆசிரியரும் அல்லர். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருத்தித்துறை டிப்போவில் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அயலவர் ஒருவர். நூல் வெளியீட்டில் கேட்டதை அவரிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி, நோட்டுகளை நீளவாட்டில் மடித்து எந்த விரலிடுக்கில் எந்த நோட்டை வைப்பது என்று காட்டினார். பத்து ரூபா இங்கே, இருபது இங்கே, ஐம்பது சுண்டுவிரல் பக்கம். சில்லறை தோள்பையில். டிக்கெட் புத்தகம் இடது உள்ளங்கையில். மிதிபலகையில் ஒரு கால், கம்பியில் முழங்கை. "இதையெல்லாம் செய்துகொண்டே பேச வேண்டும் தம்பி. ஒருவரோடு அல்ல, பஸ் முழுவதோடும்" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். கொண்டக்டர் ஒரே மூச்சில் சாரதியை அண்ணை என்பார், கிழவியைக் கெஞ்சுவார், உத்தியோகத்தருக்குப் பணிவார், வாசலில் தொங்குகிற மாணவனை உறுக்குவார், குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு இடம் கேட்பார். எங்கள் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' என்று ஒரு படி இருக்கிறது. யாருக்கு 'ஏறு', யாருக்கு 'ஏறும்', யாருக்கு 'ஏறுங்கள்' என்பதைக் கண் இமைப்பதற்குள் தீர்மானிக்க வேண்டும். பிழைத்தால் அன்று முழுவதும் சண்டை. "அந்த மனிதர் இதில் பிழைவிட்டு நான் கேட்கவில்லை. எங்களோடு ஏறி, பின்கதவடியில் நின்று, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். என்னைப் பகிடி பண்ணினார். முதலில் சிரித்தவன் நான்தான்."

தனிநடிப்பில் பயணி பேசுவதில்லை. கொண்டக்டரின் மறுமொழியிலிருந்துதான் பயணி யாரென்று நமக்குத் தெரிய வேண்டும். அவருடைய வயது, அவருடைய ஊர், கையில் இருக்கிற சாமான், முகத்தில் இருக்கிற கோபம், எல்லாமே கொண்டக்டர் எந்த மரியாதையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் இருக்கிறது. கேட்பவர் காலியாக விடப்பட்ட அந்த இடத்தில் தன் தாயை, தன் மாமனை, தன்னைக் கொண்டுவந்து வைக்கிறார். மானிப்பாய் தலைமையாசிரியர் கசற்றோடு வாதாடியது தற்செயல் அல்ல. அவருக்கென்றே ஓர் இருக்கை அங்கே விடப்பட்டிருந்தது. இதைச் செய்ய எவ்வளவு கவனிப்பு வேண்டும், எத்தனை முறை எழுதி அழித்திருக்க வேண்டும் என்பதை நாடகம் படித்தவர்கள் முதலில் உணர வேண்டாமா? சொல்லாமல் விடுவதில் இவ்வளவு நுட்பம் உள்ள ஒரு பிரதியை மாணவர்களின் கையில் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கூடாத சொல் இல்லாத ஒரு மேடை

இந்தப் பாராட்டு ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பகுதிச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டுவிழாவில் இளைஞர் ஒருவர் நகைச்சுவை நிகழ்ச்சி செய்தார். திறமையான பிள்ளை. மேடைப் பயம் கொஞ்சமும் இல்லை. ஆனால் பேசியது முழுவதும் சென்னைத் தொலைக்காட்சியின் பேச்சு. பகிடிகள் மூன்று வகை: பருத்த மனைவி, கறுத்த மருமகள், திக்கிப் பேசுகிற மாப்பிள்ளை. சனம் சிரித்தது, மறுக்க மாட்டேன். எனக்கு முன்வரிசையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். கறுத்த மருமகள் பற்றிய பகிடி மூன்றாவது தடவை வந்தபோது அந்தப் பிள்ளை கைதட்டுவதை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் பார்வையைத் திருப்பவில்லை.

அந்த நிகழ்ச்சியில் ஒரு கூடாத சொல் இல்லை. ஓர் ஆபாச அசைவு இல்லை. நன்றியுரை சொன்னவரும் "குடும்பத்தோடு இருந்து பார்க்கக்கூடிய நிகழ்ச்சி" என்றுதான் பாராட்டினார். எங்கள் அளவுகோலின்படி இதுவும் 'அண்ணை றைற்'றும் ஒன்றுதான். இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு நாங்கள் எதை அளக்கப் போகிறோம்? ஒரு சபையில் இருக்கிற யாரோ ஒருவரைத் தனியாகப் பிரித்தெடுத்து, மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு விடுவது எளிது. அதற்குப் பார்வையாளரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சபையில் ஒருவரையும் வெளியே நிறுத்தாமல் சிரிக்க வைப்பதற்கு, அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் எப்படி நடப்பார், எப்படிக் கோபிப்பார், எதற்குக் கூசுவார் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாலச்சந்திரனிடம் நான் கேட்டவை அனைத்திலும் அந்த அறிவு இருக்கிறது.

அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. அவர் பிறந்தபோது எங்கள் வீடுகளின் மாலைநேரம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. 1982இல் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபோது தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். அதற்குள் எங்கள் கலைஞர்கள் எவ்வளவோ முயன்றார்கள். பிறகு போர், பிறகு செய்மதித் தொலைக்காட்சி, பிறகு ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை தமிழகத்துத் தொடர்கள். தன் ஊர்ப் பேச்சில் ஒருவர் பெட்டிக்குள் இருந்து சிரிக்க வைத்ததைக் கேட்டே அறியாத பிள்ளை, கிடைத்ததைத்தானே பின்பற்றும்?

கடல் கடந்த பேச்சு

பாலச்சந்திரன் கனடாவுக்குப் போனார். அங்கே 'வொண்டர்புல் வை.ரி. லிங்கம் ஷோ' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியைச் செய்தார், படங்களில் நடித்தார், 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற நாவலை எழுதினார், 'நேற்றுப் போல இருக்கிறது' என்று தன் கலை வாழ்வின் நினைவுகளை எழுதினார். 2014 பெப்ரவரி 26 அன்று ரொறன்ரோவில் காலமானார்.

கனடாவில் இருக்கிற என் மாமி ஒருவர் அந்தத் தொலைக்காட்சி நாட்களைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். பனிக்காலம், இரண்டு வேலை, பூட்டிய கதவு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள், மாமியாருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒரே வீட்டுக்குள் மூன்று உலகம். அந்த நிகழ்ச்சி வருகிற நேரத்தில் மட்டும் எல்லோரும் ஒரே சோபாவில் இருந்தார்கள் என்றார். பிள்ளைகளுக்குப் பாதி விளங்காது. விளங்காததை அப்பம்மாவிடம் கேட்பார்கள். அப்பம்மா சொல்லிக் கொடுப்பார். அந்த வீட்டில் அப்பம்மாவுக்கு ஒன்று தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது என்ற நிலை வந்தது அந்த அரைமணி நேரத்தில்தான்.

இதைக் கேட்டபோது 1995இன் முற்றம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சனம் வேறு, நாடு வேறு, மின்சாரம் தாராளமாக உண்டு. ஆனால் அங்கும் ஒருவரோடொருவர் பேச வழியில்லாமல் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள்தான் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கொஞ்சமும் நீர்த்துப்போக விடாமல் அவர் அங்கேயும் பேசினார். புரியாதவர்களுக்காக இறங்கி வரவில்லை, புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இடம் விட்டார். இந்த வாழ்க்கை முழுவதையும் பார்த்துவிட்டு ஒரு பந்தி போதும் என்று சொல்கிறவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் அத்தியாயம் வேண்டும், அது வானொலியில் தொடங்க வேண்டும்.

ஆனால் அத்தியாயம் எழுத மூலங்கள் வேண்டும். எங்கள் வீட்டுக் கசற்றை நெல்லியடியில் பழைய ரேடியோக்கள் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். நாடாவில் பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் நான்கு சின்ன ஆணிகளைக் கழற்றி, மூடியை எடுத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு அடியாகத் துடைத்தார். முதல் பக்கம் தெளிவாக வந்தது. இரண்டாவது பக்கத்தில் நடுவில் ஓரிடம் அழிந்துவிட்டது. மிஞ்சியதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அச்சில் வந்தவற்றைச் சேர்ப்பதற்கு நூலகம் நிறுவனம் பல வருடங்களாக உழைக்கிறது. ஆனால் வானொலி நாடகங்களின் ஒலி பெரும்பாலும் தனியார் வீடுகளின் அலுமாரிகளில்தான் கிடக்கிறது. 'வாத்தியார் வீட்டில்' தொடரின் ஏதாவது ஒரு பகுதியை வீட்டில் பதிந்து வைத்தவர்கள் வடமராட்சியில் கட்டாயம் இருப்பார்கள். கசற் சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். திருத்துகிறவரிடம் நானே கொண்டுபோகிறேன், துடைக்கிற செலவும் என்னுடையது.